கோழிக்கூட்டைச் சுற்றும் எலிகள்: தீனியைப் பூட்டுவோம், நஞ்சைத் தவிர்ப்போம்

சிட்னியில் வாழும் எமது மக்களிடையே வீட்டுப் பின்வளவில் நான்கைந்து கோழிகள் வளர்க்கும் வழக்கம் பெருகி வருகிறது. 2020ஆம் ஆண்டு கொவிட் முடக்க காலத்தில் பலர் ஆரம்பித்தார்கள். 2024இல் பறவைக் காய்ச்சலால் கடைகளில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். நல்ல விடயம்தான். பிள்ளைகளுக்கு உயிர்களோடு பழகும் வாய்ப்பு, ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு பொழுது, வீட்டுக்குப் புதிய முட்டை.

ஆனால் கோழி வந்து சில மாதங்களில் எலியும் வந்துவிடுகிறது. துங்காபி, வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில் பக்கமிருந்து வருபவர்கள் சளி, இருமலுக்கு மருந்து எழுதி முடிந்ததும் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டொக்டர், கோழிக்கூட்டுக்கை ஒரே எலி. என்ன மருந்து வைக்கலாம்?"

நஞ்சை 'மருந்து' என்று சொல்வது எமது பேச்சு வழக்கு. அந்த 'மருந்து' யாருடைய வயிற்றுக்குள் போய்ச் சேரும் என்பதுதான் இந்த இதழின் சுகாதாரப் பக்கத்தில் நாம் பேச விரும்பும் விடயம்.

எலி ஏன் வருகிறது?

எலி கோழியைத் தேடி வருவதில்லை, கோழித் தீனியைத் தேடியே வருகிறது. முட்டையும் சிறு குஞ்சுகளும் அதற்கு மேலதிக வரவு. கோழிகளுக்கு இருட்டில் கண் தெரியாது. அதனால் இரவில் எலி கூட்டுக்குள் நடமாடினாலும் அவற்றால் தம்மைக் காத்துக்கொள்ள முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். முட்டையிடும் கோழியொன்று நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் தீனி தின்னும். நான்கு கோழிகளுக்கு அரைக் கிலோ போதும். உங்கள் வீட்டில் தினமும் ஒரு கிலோ தீர்கிறதென்றால் மற்ற அரைக் கிலோ எங்கே போகிறது? வளர்ந்த எலி ஒன்று நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை தின்னும். சிந்துவதையும் பழுதாவதையும் கழித்துப் பார்த்தாலும், ஒரு பெரிய எலிக் குடும்பத்துக்கு நீங்கள் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றே அர்த்தம்.

எலியின் கர்ப்ப காலம் மூன்று வாரங்கள் மட்டுமே. ஓர் ஈற்றில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டிகள் பிறக்கும். அவை இரண்டு, மூன்று மாதங்களில் தாமும் குட்டி ஈனும். எனவே உணவு இருக்கும்வரை எத்தனை எலிகளைக் கொன்றாலும் அந்த இடம் வெறுமையாக இருக்காது.

எந்த எலி என்று அறியுங்கள்

சிட்னி வீடுகளில் நாம் காண்பவை பெரும்பாலும் இரண்டு வகை. இரண்டும் வெளியிலிருந்து வந்து குடியேறியவை.

முதலாவது பழுப்பு எலி. உடல் பெரியது, வால் உடலைவிடக் கட்டை. கூட்டின் கீழும் மதிலோரத்திலும் வளை தோண்டும். எச்சம் இரண்டு சென்ரிமீற்றர் வரை நீண்டு, முனை மழுங்கி இருக்கும்.

இரண்டாவது கறுப்பு எலி, அதாவது கூரை எலி. இதன் பூர்வீகம் இந்திய உபகண்டம். மெலிந்த உடல், உடலைவிட நீண்ட வால், பெரிய காது. கொடி, மரக்கிளை, வேலி எல்லாவற்றிலும் ஏறிக் கூரைக்குள் குடியிருக்கும். எச்சம் சிறியது, முனை கூரியது.

வளை தோண்டும் எலியென்றால் நிலத்தைக் கவனிக்க வேண்டும். ஏறும் எலியென்றால் கூரையையும் கிளைகளையும் கவனிக்க வேண்டும். காட்டுப் பகுதியை அண்டி வாழ்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நல்லது. இந்த நாட்டுக்கே உரிய காட்டெலிகளும் வேறு சிறு விலங்குகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கண்டதற்கெல்லாம் பொறி வைக்கக் கூடாது.

எலியால் வரும் நோய்கள்

எலிக்காய்ச்சல்: வைத்தியர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். நோயுள்ள எலியின் சிறுநீரில் இக்கிருமி வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள வெட்டுக்காயம், வெடிப்பு, கண், வாய் வழியாக உடலுக்குள் புகும். கிருமி புகுந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசையிலும் நாரியிலும் தாங்க முடியாத வலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றும். பலருக்கு இத்துடன் மாறிவிடும். சிலருக்கு மஞ்சட்காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக் கசிவு என்று உயிராபத்தாக மாறும். ஆரம்பத்திலேயே தகுந்த அன்ரிபயோட்டிக் கொடுத்தால் நோய் முற்றாமல் தடுக்க வாய்ப்பு அதிகம்.

இது ஊர் நோய், இங்கே இல்லை என்று எண்ண வேண்டாம். 2019இல் சிட்னி உள்நகர்ப் பகுதிகளில் இந்நோயால் நாய்கள் பல இறந்தன. ஊரிலோ, 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று பேசப்பட்டுச் சில உயிர்களைப் பறித்தது எலிக்காய்ச்சலே என்று உறுதிசெய்யப்பட்டது. மழைக் காலத்தில் ஊருக்குப் போய் வயலிலும் வெள்ளத்திலும் கால் வைத்துவிட்டு வந்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், அந்தப் பயணத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சல்மொனெல்லா: எலி எச்சம் தீனியிலும் முட்டைக் கோதிலும் படிவதால் பரவும். வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் தரும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் விசேட கவனம் எடுக்க வேண்டும்.

எலிக்கடிக் காய்ச்சல்: கடித்த அல்லது கீறிய மூன்று முதல் பத்து நாட்களில் காய்ச்சல், மூட்டு வலி, தோலில் தடிப்பு உண்டாகலாம். எலி கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு உடனே நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியரைக் காணுங்கள். ஏற்புத் தடுப்பூசி போட வேண்டியும் வரலாம்.

எலி நுரையீரல் புழு: எலி எச்சத்தில் வெளிவரும் இப்புழுவின் குடம்பிகளை நத்தைகள் உட்கொள்கின்றன. பச்சையாக நத்தை மனித வயிற்றுக்குள் போனால் புழு மூளைக்குச் செல்லும். சிட்னியில் 2010இல் நண்பர்களோடு விளையாட்டாக ஓர் ஓடில்லா நத்தையை விழுங்கிய இளைஞர் ஒருவர், நீண்ட காலம் உடல் செயலிழந்து வாழ்ந்து 2018இல் காலமானார். இப்படி நடப்பது மிக அரிது. ஆனாலும் கோழிக்கூட்டின் ஈரத்தில் நத்தைகள் சேர்வதும், தவழும் பிள்ளைகள் கையில் அகப்பட்டதை வாயில் வைப்பதும் சாதாரணம். பின்வளவில் பிடுங்கும் கீரை, வல்லாரை, பொன்னாங்காணியை இலை இலையாகப் பார்த்து, ஓடும் நீரில் கழுவுங்கள். வல்லாரைச் சம்பலைப் பச்சையாகச் சாப்பிடும் எமக்கு இது மிக முக்கியம்.

நஞ்சைப் பற்றி அவசியம் அறிய வேண்டியவை

கடைகளில் பச்சை, நீல நிறங்களில் விற்கப்படும் எலி நஞ்சுகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. எமது ஈரல், இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களை விற்றமின் கே கொண்டே தயாரிக்கிறது. அந்த வேலையை இந்நஞ்சு நிறுத்திவிடுகிறது. எலி உடனே சாகாது. மூன்று, நான்கு நாட்கள் நடமாடிய பின்னர் உள்ளே இரத்தம் கசிந்து இறக்கும்.

இவற்றில் முதலில் பரவலாக வந்தது வார்பரின். ஆம், இருதய நோய்க்காக எமது பெரியவர்கள் சிலர் மாலையில் விழுங்கும் அதே வார்பரின்தான். 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் இன்று விற்பனையாகும் நஞ்சுகளில் பல இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவை. புரோடிபக்கூம், புரோமடியோலோன் போன்ற பெயர்களைப் பெட்டியில் காணலாம். இவை வார்பரினைவிடப் பல மடங்கு வலியவை. புரோடிபக்கூம் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும்.

எம்மிடம் அழைத்து வரப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது மூன்று. விரலிலும் உதட்டோரத்திலும் நீல நிறம். கூட்டின் பின்பக்கம், பிள்ளை போக முடியாத இடமென்று நினைத்து ஒரு தட்டில் நஞ்சு வைத்திருக்கிறார்கள். கோழிகள் மண்ணைக் கிளறும்போது அதையும் காலால் கிளறி முற்றம் வரை இறைத்துவிட்டன. தகப்பன் புத்தியாக நஞ்சுப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நச்சுத் தகவல் நிலையத்தின் ஆலோசனைப்படி இரத்தப் பரிசோதனைகள் செய்தோம். உட்சென்ற அளவு மிகக் குறைவு. பிள்ளை நலமாக வீடு திரும்பியது.

குழந்தையைப் பற்றிய பயம் தணிந்த பின்னர் நாம் கேட்டோம்: "கோழிகளும் தின்றிருக்குமே, இந்த ஒரு கிழமை முட்டைகள் எங்கே?" தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாதி குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. மீதி இரண்டு வீடுகளுக்குப் போயிருந்தது. அதில் ஒரு வீட்டில் வார்பரின் எடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அன்றிரவே தொலைபேசியில் சொல்லி முட்டைகளைக் குப்பையில் போடச் செய்தோம்.

நஞ்சு தின்ற கோழியின் முட்டையிலும் ஈரலிலும் அந்த நஞ்சு சேரும் என்பது நிறுவப்பட்ட உண்மை. அவித்தாலும் பொரித்தாலும் முட்டை பாதுகாப்பானதாகிவிடும் என்று நம்பக் கூடாது. கோழி நேரடியாகத் தின்ன வேண்டுமென்பதும் இல்லை. நஞ்சு தின்று செத்த எலியைக் கோழி கொத்தலாம், நாய் கடிக்கலாம். இரவில் எலி பிடிக்கும் ஆந்தைகளும் இப்படியே மடிகின்றன. எலியை எமக்காகப் பிடித்துத் தரும் பறவையையும் சேர்த்துக் கொல்லும் வேலை இது.

எனவே எமது ஆலோசனை தெளிவானது. கோழி வளர்க்கும் வீட்டில் நஞ்சு முதல் வழி அல்ல, கடைசி வழி. அப்படியும் வேண்டுமென்றால் அனுமதி பெற்ற பூச்சி கட்டுப்பாட்டாளரை அழைத்து, கோழி வளர்ப்பதையும் முட்டை உண்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். நஞ்சுக் கட்டி பூட்டிய பெட்டிக்குள் கம்பியில் கோத்து நிறுத்தப்பட வேண்டும். திறந்த தட்டு, சிதறிய மணிகள் வேண்டவே வேண்டாம்.

எலியைத் தடுக்கும் வழிகள்

ஊரில் தென்னை மரத்தின் நடுவில் தகரம் சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலி ஏறிக் குரும்பையைக் கடிக்காமலிருக்க எமது முன்னோர் செய்த ஏற்பாடு அது. எலியைத் துரத்தவில்லை, கொல்லவில்லை, அதன் வழியை மட்டும் அடைத்தார்கள். இங்கேயும் அதே வழிதான்.

1. தீனியைப் பூட்டுங்கள். 20 கிலோ மூடையை அப்படியே கராஜில் வைக்காதீர்கள். பிளாஸ்ரிக் வாளியையும் எலி கடித்துத் துளைக்கும். இறுக்கமான மூடியுள்ள தகரத் தொட்டியே சிறந்தது.

2. இரவில் தீனி வேண்டாம். கோழி அடைந்த பின் தின்னாது. மாலையில் தீனிப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வையுங்கள். கோழி ஏறி மிதித்தால் மட்டும் திறக்கும் மூடியுள்ள தீனிப் பெட்டி வாங்கினால் இன்னும் நல்லது. கோழிகள் பழக ஓரிரு வாரங்கள் எடுக்கும். குஞ்சுகளுக்கு மிதிக்கப் போதிய பாரம் இராது, அவற்றுக்கு வேறாகக் கொடுங்கள்.

3. மிச்சச் சோற்றைக் கவனியுங்கள். இதை எமது வீடுகளுக்கென்றே சொல்கிறோம். சோற்றையும் கறியையும் கோழிக்கென்று முற்றத்தில் கொட்டுவது, சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்கு வைத்த சோறு இரவுவரை கிடப்பது, சமைத்த உணவைக் கொம்போஸ்ட் குவியலில் போடுவது ஆகிய மூன்றும் எலிக்கு விருந்து. காகத்துக்கு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு தட்டில் சிறிதளவு வைத்து, பொழுது சாய முன் தட்டை எடுத்துவிடுங்கள். விழுந்த எலுமிச்சை, மாதுளை, கொடித்தோடம் பழங்களையும் பொறுக்கிவிடுங்கள்.

4. சரியான கம்பிவலை போடுங்கள். 'கோழிவலை' என்று விற்கப்படும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், எலி உள்ளே வராமல் தடுக்காது. எலிக்குட்டி 12 மில்லிமீற்றர் துளையாலேயே நுழைந்துவிடும். அதைவிடச் சிறிய, ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள, நாகம் பூசி ஒட்டவைத்த கம்பிவலையை ஹாட்வெயார் கடைகளில் கேளுங்கள். அடிப்பக்கத்தில் வலையை வெளிப்புறமாக 30 சென்ரிமீற்றர் மடித்து மண்ணில் புதைத்தால் எலி தோண்டும்போது வலையில் முட்டும்.

5. கூட்டை உயர்த்துங்கள். ஊரில் கோழிக்கூடு கால்களில் நின்றதற்குக் காரணம் உண்டு. நிலத்திலிருந்து 30 முதல் 45 சென்ரிமீற்றர் உயர்த்தினால் அடியில் வெளிச்சமும் காற்றும் போகும். எலி ஒளிக்க இடம் தேடும் பிராணி, திறந்த இடத்தை விரும்பாது. விறகு, பழைய பலகை, உயர்ந்த புல்லை அகற்றி, கூட்டின் மேல் தொங்கும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.

6. முட்டையைத் தினமும் எடுங்கள். அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீரில் கழுவினால் கோதின் நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போகலாம். வெடித்த முட்டையை வீசிவிடுங்கள்.

7. பிறகு பொறி வையுங்கள். தீனி அடைபட்டுப் பசித்திருக்கும் எலிதான் பொறிக்கு வரும். எலி புதிய பொருளைக் கண்டால் சில நாட்கள் ஒதுங்கி நிற்கும். எனவே விசையைப் பூட்டாமல் மூன்று, நான்கு இரவுகள் சிறிது பீநட் பட்டர் வைத்துப் பழக்கி, அதன் பின் பூட்டுங்கள். சுவரோரமாக, பிள்ளையின் கையும் கோழியின் அலகும் எட்டாதபடி ஒரு பெட்டிக்குள் வையுங்கள். ஒட்டும் பசை அட்டைகள் வேண்டாம். எலி உயிரோடு நாட்கணக்கில் துடிக்கும், சில மாநிலங்களில் அவற்றுக்குத் தடையும் உண்டு.

8. அயலவரோடு பேசுங்கள். எலிக்கு வேலி ஓர் எல்லையல்ல. முறைப்பாடு கவுன்சிலுக்குப் போகும் முன்னர் நீங்களே போய், "எலி வந்திருக்கிறது, இப்படி இப்படிச் செய்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரரும் தமது குப்பையைக் கவனித்தால் வேலை பாதியாகக் குறையும். நியூ சவுத் வேல்ஸ் விதிகளின்படி கோழிகளை எந்தக் குடியிருப்பு வீட்டிலிருந்தும் 4.5 மீற்றருக்குள் வைத்திருக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கூட்டைத் துப்பரவு செய்யும்போது

எலி எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், தூசி மூச்சோடு உள்ளே போகும். ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, சில நிமிடங்கள் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்தெடுங்கள். கையுறையும் மூடிய சப்பாத்தும் கட்டாயம். வீட்டுப் பெரியவர்கள் வெறுங்காலோடு அல்லது பாட்டாச் செருப்போடு கூட்டுக்குள் போவதைப் பார்க்கிறோம். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சிறு காயம் இருப்பதே தெரியாது. அவர்களுக்கென்று ஒரு சோடி இறப்பர் பூட்ஸ் வாங்கி வாசலில் வையுங்கள். செத்த எலியைக் கையுறையோடு எடுத்து, இரட்டைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை எலி நஞ்சை வாயில் வைத்துவிட்டால் என்ன செய்வது?
வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, 13 11 26 என்ற இலக்கத்தில் நச்சுத் தகவல் நிலையத்தை உடனே அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிள்ளை மயங்கினால், மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால், வலிப்பு வந்தால் 000. இந்நஞ்சின் விளைவு நாட்கள் கழித்தே தெரியும். "பிள்ளை நல்லாத்தானே விளையாடுது" என்று விட்டுவிடாதீர்கள். முரசில் இரத்தம், மூக்கால் இரத்தம், காரணமில்லாத கண்டல் ஆகியவை தாமதமாகத் தோன்றும் அறிகுறிகள். விற்றமின் கே கொண்டு சிகிச்சை செய்யலாம்.

வார்பரின் எடுப்பவர் கோழி வளர்க்கலாமா?
தாராளமாக. ஆனால் நஞ்சைத் தொடும் வேலை அவருக்கு வேண்டாம். வார்பரின் அல்லாத புதிய இரத்த உறைவு எதிர்ப்பு மருந்துகளை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு எலி கீறியதும் ஒரு முக்கிய விடயமே, வைத்தியரிடம் காட்டுங்கள்.

கோழி நஞ்சைத் தின்றதைக் கண்டால்?
அன்றிலிருந்து முட்டையை யாரும் உண்ண வேண்டாம், கோழியையும் சமைக்க வேண்டாம். எவ்வளவு காலத்துக்கு என்பதை நஞ்சின் பெயரைச் சொல்லி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அது பல வாரங்களாக இருக்கலாம். முட்டை கொடுத்த வீடுகளுக்கும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

பூனை வளர்த்தால் போதாதா?
பூனை சிறு எலிகளைப் பிடிக்கும். வளர்ந்த பழுப்பு எலியோடு பெரும்பாலான வீட்டுப் பூனைகள் மல்லுக்கட்டுவதில்லை. தீனியைப் பூட்டுவதற்கு ஈடாக எந்தப் பூனையும் இல்லை.

இறுதியாக, காய்ச்சலென்று வைத்தியரிடம் போகும்போது "வீட்டில் கோழி இருக்கிறது, எலியும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். கூச்சப்பட எதுவும் இல்லை. இந்த நகரத்தில் எலி இல்லாத தெரு கிடையாது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வசனம்தான் சரியான இரத்தப் பரிசோதனையை உரிய நாளில் செய்யத் தூண்டும்.

கீழே உள்ளதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

தினமும் மாலை: தீனி உள்ளே, முட்டை உள்ளே, தட்டு உள்ளே.
கிழமைக்கு ஒருமுறை: வளை, எச்சம், வலையில் ஓட்டை பார்த்தல்.
மாதம் ஒருமுறை: கிளை வெட்டுதல், கூட்டைக் கழுவுதல்.
நஞ்சு பட்டால்: 13 11 26. உயிராபத்து என்றால்: 000.